வலைப்பந்து ஆடும் தங்கைக்கு: எலும்பு அறுவை மருத்துவமா, விளையாட்டு மருத்துவமா?

தங்கை, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் புக்கிட் மெர்தாஜாமில் படிவம் ஆறு மாணவி, பள்ளி வலைப்பந்து அணியில் ஆடியவர். பந்துக்காக எம்பிக் குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடிந்து, 'பொட்'டென்ற சத்தத்தோடு ஏ.சி.எல். (முட்டி நழுவாமல் உள்ளே பிடித்து நிறுத்தும் நார்) அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. உங்கள் முட்டியைச் சரிசெய்தவரைப் போல "ஸ்போர்ட்ஸ் மெடிசின் ஆர்த்தோ சர்ஜன்" ஆக ஆசை. என்ன படிக்க வேண்டும், எத்தனை வருடம் ஆகும், "அது ஆம்பளைங்க வேலை" என்று வீட்டில் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், அடுத்த மாதப் போட்டிக்கு வந்து ஆடச் சொல்லிப் பயிற்சியாளர் கூப்பிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன், முதலில் மற்றதை முடித்துவிடுகிறேன்.

நான் பினாங்கில் எலும்பு, மூட்டு அறுவை மருத்துவராக இருக்கிறேன். பயிற்சி மருத்துவராக நுழைந்த நாளிலிருந்து எண்ணினால் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நிபுணத்துவப் படிப்பு கோலாலம்பூரில். நீங்கள் ஒரே மூச்சில் எழுதிய அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆர்த்தோ சர்ஜன் ஒருவர், ஸ்போர்ட்ஸ் மெடிசின் நிபுணர் இன்னொருவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்வதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். மலேசியாவில் இந்த இரண்டும் தனித்தனி முதுகலைப் படிப்பு, தனித்தனி நிபுணத்துவப் பதிவு. ஸ்போர்ட்ஸ் மெடிசின் நிபுணர் கத்தி பிடிப்பதில்லை. ஆர்த்தோ சர்ஜன் தன் வாழ்நாளில் பெரும் பகுதியை விளையாட்டு வீரர்களோடு கழிப்பதில்லை. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, உங்களுக்குப் பிடித்துப்போனது அந்த அறுவையா, அல்லது விளையாடுகிறவர்களுடைய உடம்பா என்பதுதான். இதைப் பத்தொன்பது வயதில் முடிவு செய்யத் தேவையில்லை. ஆனால் இப்போதே மனதில் போட்டு வைத்திருப்பது நல்லது.

ஆர்த்தோ என்றால் என்ன வேலை என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் வெளியே தவறான படம் இருக்கிறது. மலேசியாவில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் இறக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இறந்தவர்கள் கணக்கில் வருகிறார்கள். தொடை எலும்பு உடைந்து, கீழ்க்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து, பிழைத்தவர்கள் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவ அதிகாரியாக இருந்த காலத்தில் என் ஆன் கால் இரவுகள் பெரும்பாலும் இவர்களோடுதான் போயின. ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிற்சாலைப் பையன்கள், விடியற்காலையில் ரொட்டி எடுத்துப் போகிறவர்கள், உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். வந்தவுடன் ஆன்டிபயாடிக், மண்ணும் தாரும் போகக் கழுவுவது, செத்த தசையை வெட்டி எடுப்பது, வெளியே கம்பி கட்டி எலும்பை நிறுத்துவது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கழுவுவது. அந்தப் பையன் மீண்டும் நடக்க ஒரு வருடம் ஆகலாம். அவனுக்கு நீங்கள் செய்யும் அறுவை படம் பிடித்துப் போடும்படி இருக்காது.

அடுத்தது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களான நம்மவர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். இந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நீரிழிவுக் காலைப் பார்ப்பது ஆர்த்தோ பிரிவு. இதை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள்கூட ஹவுஸ்மன் (பயிற்சி மருத்துவர்) ஆன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய லோரி ஓட்டுநர். தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தவர். வருடா வருடம் நடப்பவர்தான். ஆனால் அந்த வருடம் இனிப்பு நீரால் பாதத்தில் உணர்வு மரத்துப்போயிருந்தது அவருக்கே தெரியாது. வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் உள்ளங்கால் கொப்பளித்து உரிந்தது தெரியவில்லை. நான்காம் நாள் மனைவிதான் வீட்டுத் தரையில் ஈரத்தடம் பார்த்துக் கேட்டிருக்கிறார். எங்களிடம் வந்தபோது பாதம் கறுத்து, காய்ச்சல் ஏறி, கிருமி கணுக்கால் வரை போயிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் அழவில்லை. "முட்டிக்கு மேலயா, கீழயா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய அண்ணனுக்கு மேலே எடுத்திருந்தார்கள். அண்ணன் பிறகு கட்டிலை விட்டு எழுந்ததில்லை.

அந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்று விரும்புகிறேன். முட்டி மிஞ்சினால் செயற்கைக் கால் பொருத்தி மனிதர் கடைக்குப் போவார், கோயிலுக்குப் போவார். முட்டியும் போய்விட்டால் செயற்கைக் காலோடு நடப்பதற்கு ஆகும் உழைப்பு மிக அதிகம். இதயமும் பலவீனமாக இருக்கும் நீரிழிவு நோயாளிகள் பலர் நடப்பதையே விட்டுவிடுகிறார்கள். அன்று கீழேயே எடுத்தோம். ஆறி வருமா என்பது உறுதியில்லாமல்தான் எடுத்தோம். இரண்டு முறை மறுபடியும் கழுவ வேண்டியிருந்தது. ஆறியது. இத்தனை வருடத்தில் நான் காப்பாற்றிய முட்டிகளில் எனக்கு மிக நெருக்கமானது அவருடைய முட்டி. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர் நேர்த்திக்கடன் வைத்திருந்தால், நடப்பதற்கு முன் கிளினிக்கில் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை, ஐந்து நிமிடம்கூட ஆகாது. நடந்து முடித்த அன்று இரவு யாராவது ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் அவர் உள்ளங்காலைப் பாருங்கள்.)

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. விளையாட்டு வீரரின் முட்டிக்குப் போகும் வழி இவர்கள் வழியாகத்தான் போகிறது. குறைந்தது பத்து வருடம் போகிறது. விபத்தில் வந்த பையனையும் புண்ணோடு வந்த பெரியவரையும் தடையாக நினைத்து, "இதெல்லாம் முடிந்தால் போதும், நான் கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபிக்குப் போய்விடுவேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் பாதியில் விட்டார்கள். விடாதவர்கள் சிலர் கசந்துபோனார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, யாரும் முன்கூட்டி அவர்களிடம் சொல்லவில்லை.

சரி, உங்களுக்குச் செய்த அறுவைக்கு வருகிறேன். மூட்டுக்குள் சிறு துளை வழியாகக் கேமராவை விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோபி ஜப்பானியர் தந்த கொடை. தோக்கியோவில் 1918-இல் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை ஒரு பிணத்தின் முட்டிக்குள் விட்டுப் பார்த்தார். அவர் வழிவந்த மசாகி வதனபே 1962-இல் அந்த வழியாகவே கிழிந்த மெனிஸ்கஸை (முட்டிக்குள் மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு) வெட்டி எடுத்தார். இன்று ஏ.சி.எல். புதுப்பிப்பது, மெனிஸ்கஸ் தைப்பது, தோள்பட்டை நழுவாமல் கட்டுவது எல்லாம் இதே வழியில்தான். செய்யும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். தொடைக்குப் பின்னாலிருந்து எடுத்த தசைநாரை மடித்துத் தைத்து, எலும்பில் துளையிட்டு உள்ளே இழுத்து, அது சரியான கோணத்தில் இறுகி நிற்பதைத் திரையில் பார்க்கும் அந்த நிமிடம் எனக்கு இன்றும் பழகிப்போகவில்லை.

ஆனால் இத்துறையில் எப்போது கத்தியை எடுக்கக் கூடாது என்பதைக் கற்கத்தான் அதிக காலம் பிடிக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு குழுவுக்கு ஆர்த்ரோஸ்கோபி செய்தார்கள். மூன்றாவது குழுவுக்குத் தோலில் மட்டும் வெட்டுப் போட்டுத் தைத்து அனுப்பினார்கள். வலி குறைந்ததில் வித்தியாசமே இல்லை. தேய்ந்த மூட்டைக் கழுவி விடுவதற்காக உலகம் முழுக்க அப்போது இந்த ஆர்த்ரோஸ்கோபியை லட்சக்கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள். ஏ.சி.எல். விஷயத்திலும் 2010-இல் சுவீடனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 121 இளைஞர்கள். பாதிப் பேருக்கு உடனே அறுவை. மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு வருடம் கழித்து இரு குழுவின் முட்டியும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தது. பயிற்சிக் குழுவில் பத்தில் நான்கு பேர்தான் அதற்குள் அறுவைக்கு வந்திருந்தார்கள். இதை வைத்து ஏ.சி.எல். அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அதில் தொழில்முறை வீரர்கள் சேர்க்கப்படவில்லை. குதித்துத் திரும்பி ஆடும் ஆட்டத்துக்கு மீண்டும் போக வேண்டும் என்பவருக்கு, முட்டி அடிக்கடி நழுவுகிறவருக்கு, நான் அறுவையைத்தான் சொல்வேன். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடிக்க இன்னும் நல்ல வழி இல்லை. இரத்தத்தைப் பிரித்தெடுத்து மூட்டில் போடும் பி.ஆர்.பி. ஊசியைப் பற்றியும் இதே கதைதான். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, விளம்பரங்கள் மட்டும் ஒரே குரலில் பேசுகின்றன.

இப்போது அந்த இன்னொரு மருத்துவர். ஸ்போர்ட்ஸ் மெடிசின் நிபுணர் என்றால் அறுவை செய்ய முடியாமல் போனவர் என்று ஒரு எண்ணம் நம் மக்களிடம் இருக்கிறது. அது என்னை வருத்துகிறது, ஏனென்றால் உண்மை அதற்கு நேர்மாறு. விளையாட்டில் வரும் காயங்களில் பெரும்பாலானவற்றுக்கு அறுவையே தேவையில்லை. தசைக் கிழிசல், குதிகால் தசைநார் வீக்கம், ஓடி ஓடி எலும்பில் விழும் மெல்லிய விரிசல், தலையில் அடிபட்டவரை மீண்டும் ஆட விடலாமா என்ற முடிவு, சரியாகச் சாப்பிடாமல் மாதவிடாய் நின்றுபோன ஓட்டக்காரப் பெண், ஆஸ்துமா மருந்து ஊக்கமருந்துப் பட்டியலில் வருமா என்ற சந்தேகம், எல்லாம் அவரிடம்தான் வரும். மைதான ஓரத்தில் நிற்பவர் அவர். கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் இருக்கும் தேசிய விளையாட்டுக் கழகத்தில் நாட்டு வீரர்களைத் தினமும் பார்ப்பவர்களும் இவர்களே. அதோடு இதய நோயாளிக்கும் இனிப்பு நீர்க்காரருக்கும் மருந்துச் சீட்டு எழுதுவது போல உடற்பயிற்சியை அளவோடு எழுதிக் கொடுப்பதும் இவர்கள் வேலை. என் லோரி ஓட்டுநர் பத்து வருடத்துக்கு முன் அப்படி ஒருவரைச் சந்தித்திருந்தால் என்னிடம் வந்திருக்க வேண்டியதில்லையோ என்று சில இரவுகளில் நினைத்திருக்கிறேன்.

உங்கள் காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடைப்பந்து, காற்பந்து இரண்டிலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏ.சி.எல். அறுவது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். இடுப்பெலும்பின் அகலமா, ஹார்மோனா, காரணம் எது எவ்வளவு என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் குதித்து இறங்கும் முறையை மாற்றப் பழக்கலாம் என்பதும், பழக்கினால் காயம் குறைகிறது என்பதும் உறுதி. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,892 காற்பந்துப் பெண்களிடம் செய்து 2008-இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சிக்கு முன் இருபது நிமிட முறையான வார்ம் அப் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடும் காயங்கள் ஏறத்தாழப் பாதியாயின. உங்கள் பள்ளி அணியில் யாராவது இதைச் சொல்லிக் கொடுத்தார்களா? எனக்கு வரும் பிள்ளைகளிடம் தவறாமல் கேட்கிறேன். இதுவரை "ஆமாம்" என்றவர்கள் மிகச் சிலரே. ஒரு சர்ஜன் ஒரு நாளில் மூன்று, நான்கு முட்டிகளைச் சரிசெய்யலாம். ஒரு மாநிலத்தின் பள்ளி அணிகளுக்கெல்லாம் இந்த இருபது நிமிடத்தைக் கொண்டுபோகும் மருத்துவர் எத்தனை முட்டிகளைக் காப்பாற்றுவார் என்று எண்ணிப் பாருங்கள்.

நம்மவரில் ஒரு முன்னோடியையும் நினைவுபடுத்துகிறேன். டாக்டர் மணி ஜெகதீசன் 1966 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அவர் எலும்பு மருத்துவர் அல்ல. மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். ஆனால் ஆசிய அளவில் விளையாட்டு மருத்துவக் குழுக்களிலும் ஊக்கமருந்துத் தடுப்பிலும் நீண்ட காலம் உழைத்தார். விளையாட்டுக்குள் ஒரு மருத்துவர் நுழைய முட்டியைத் திறப்பது ஒன்றே வாசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

வருடக் கணக்கு இதோ. இரண்டு வழிக்கும் முதல் பாதி ஒன்றே. படிவம் ஆறின் எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்து அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கச் சராசரிப் புள்ளி 4.00 அல்லது அதற்கு மிக அருகில் வேண்டும். யூ.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நம் பினாங்கில் இருந்தாலும் அதன் மருத்துவப் பள்ளி கிளந்தான், குபாங் கெரியானில் இருக்கிறது என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் அதிர்ச்சியடைகிறார்கள். படிப்பு ஐந்து வருடம். பிறகு ஹவுஸ்மன் இரண்டு வருடம். என் காலத்தில் ஒரு வருடமாக இருந்தது, 2008-இல் கூட்டினார்கள். நான்கு மாதம் வீதம் ஆறு பிரிவு, அதில் ஆர்த்தோ கட்டாயம். இது மலேசியாவின் நல்ல அம்சம்: எந்த மருத்துவரும் நான்கு மாதமாவது எங்களோடு இருந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார். பிறகு மருத்துவ அதிகாரியாகச் சில வருடம், மெட்எக்ஸ் நுழைவுத் தேர்வு, நேர்காணல். இடம் கிடைத்தால் நான்கு வருட முதுகலை. ஆர்த்தோவை மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், யூ.எஸ்.எம். உள்ளிட்டவை நடத்துகின்றன. ஸ்போர்ட்ஸ் மெடிசினுக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட முதுகலை உண்டு. அதன் பிறகு நிபுணராக அங்கீகாரம் பெற மேற்பார்வையில் சில மாதம், தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர். ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்றால் இங்கே நிற்கலாம், உங்களுக்கு அப்போது 34 வயது அளவில் இருக்கும். ஆர்த்தோவில் விளையாட்டுக் காய அறுவையை மட்டும் தனியாகச் செய்ய விரும்பினால் மேலும் இரண்டு, மூன்று வருட உட்பிரிவுப் பயிற்சி. 37 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேர்வில்கூடத் தவறாமல், ஒரு வருடம்கூட இடத்துக்காகக் காத்திருக்காமல் போனால் வரும் கணக்கு இது. எனக்கு 39 ஆனது.

இதில் நான் உறுதி தர முடியாத பகுதி வேலை நிலைமை. 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் எடுக்கப்படுகிறார்கள். நிரந்தர வேலை எப்போது, நிபுணத்துவப் படிப்புக்கான உதவி கிடைக்குமா என்ற கவலை அவர்களை எவ்வளவு அலைக்கழித்தது என்பதற்கு 2021 ஜூலை 26-இல் பல மருத்துவமனைகளில் அவர்கள் வெளிநடப்புச் செய்ததே சாட்சி. அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இணையான பயிற்சி வழிகளை அங்கீகரிக்க 2024-இல் மருத்துவச் சட்டத்தையே திருத்தினார்கள். நீங்கள் அந்தப் படிக்கு வரப் பத்து வருடம் இருக்கிறது. இன்றைய விதியை வைத்து அன்றைய முடிவை எடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். அரசில் இடம் கிடைக்காவிட்டால் தனியாரில் செலவு மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்டுகள் வீட்டுக்கே வருவார்கள். மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று நீங்களே உங்கள் கண்ணால் பார்க்காமல், அப்பா அம்மாவை ஒரு காசும் கட்ட விடாதீர்கள். வீட்டை அடகு வைத்துப் படிக்க வைத்த பிள்ளை, திரும்பி வந்து தகுதித் தேர்வில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் நின்றதை என் சொந்தத்திலேயே பார்த்தேன்.

"ஆம்பளைங்க வேலை" என்பதற்கு வருகிறேன். எங்கள் துறையில் பெண்கள் குறைவு என்பது உண்மை. நான் முதுகலையில் சேர்ந்தபோது என் வகுப்பில் நான் ஒருத்திதான். இப்போது அப்படியில்லை, என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெண்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். வலு வேண்டுமா என்றால், சில நேரம் வேண்டும். ஆனால் கையின் வலு அல்ல. கார் விபத்தில் இடுப்பு மூட்டு பின்பக்கம் நழுவி வந்த ஒருவரை என்னைவிட இருபது கிலோ கூடுதலான ஒரு சீனியர் இழுத்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நான் கட்டில் மேல் ஏறி, நோயாளியின் காலை மடக்கிப் பிடித்து, என் முட்டியை மடித்துக் குந்தி, என் கால்களை நிமிர்த்தி எழுந்தேன். 'க்ளக்'கென்று உள்ளே போனது. தசை தளரும்படி மயக்க மருந்து சரியாக இருந்ததும், கோணம் சரியாக இருந்ததும்தான் காரணம். அதோடு இத்துறையில் சுத்தியலும் துரப்பணமும் மட்டும் இல்லை. 2000-ஆம் ஆண்டு செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு, இறந்த இரட்டைச் சகோதரியின் கையை ஒரு பச்சிளம் குழந்தைக்குப் பொருத்தியது. பிறந்த குழந்தையின் இரத்தக் குழாயை நுண்ணோக்கியில் பார்த்துத் தைப்பதற்குத் தோள் பலம் எதற்கு?

கடினமாக இருந்தது வேறு. ஐந்து கிலோ அளவு கனக்கும் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பது, சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடும் அறையில் கர்ப்பமாக இருப்பது. அதற்கு முறைகள் இருக்கின்றன. கதிர்வீச்சை அளக்கும் பட்டையை அங்கிக்குள் வயிற்றருகே குத்திக்கொள்ளலாம், எக்ஸ்ரே போடும் நொடியில் தள்ளி நிற்கலாம், சில அறுவைகளை மற்றவரிடம் கொடுக்கலாம். நான் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் சுமந்தேன், இருவரும் நலம். என்னை வருத்தியது அங்கியின் கனம் அல்ல. நான் வேலை செய்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "பிள்ளை பெறப் போகிறாயா, மாஸ்டர்ஸ் முடிக்கப் போகிறாயா, இரண்டில் ஒன்றைச் சொல்" என்றார். அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. கழிவறையில் போய் அழுதேன். இரண்டையும் முடித்தேன். இப்போது என் பிரிவில் யாராவது கர்ப்பம் என்று சொன்னால், அன்றே உட்கார்ந்து அவருடைய ஆன் கால் அட்டவணையை நானே மாற்றி எழுதுகிறேன். உங்கள் காலத்தில் அந்தக் கேள்வி வராது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வந்தால் பக்கத்தில் நிற்க எங்களைப் போல் சிலர் இருப்போம்.

இனி அடுத்த மாதப் போட்டி. உங்கள் முட்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, ஆகவே உங்கள் சர்ஜனும் பிசியோவும் சொல்வதே முடிவு. ஆனால் பொதுவாக எல்லோருக்கும் பொருந்துவதைச் சொல்கிறேன். உள்ளே வைத்த தசைநார் முதலில் இரத்த ஓட்டம் இல்லாத வெறும் கயிறு. அதற்குள் புது இரத்தக் குழாய்கள் புகுந்து, அது எலும்போடு பிடித்து, உயிருள்ள நாராக மாற மாதக்கணக்கில் ஆகும். வலி போய்விடுவதும் வீக்கம் வடிவதும் அதற்கு வெகு முன்பே நடந்துவிடுவதால்தான் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. சிறிய ஆய்வுதான், அந்த 'பாதி' என்ற அளவை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எட்டாவது மாதத்தில் ஆடப் போவது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்பது மாதமும் வெறும் நாள் கணக்கல்ல. அறுவை செய்த காலின் முன்தொடை வலு மற்றக் காலில் 90 விழுக்காட்டையாவது தொட வேண்டும், ஒற்றைக் காலில் குதித்துத் தாண்டும் சோதனைகளில் தேற வேண்டும். பயிற்சியாளரிடம் நீங்களே சொல்லத் தயங்கினால், "டாக்டர் கடிதம் கொடுத்தால் வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்தக் கடிதத்தை இப்போது எந்த ஆர்த்தோவும் கொடுக்க மாட்டார். பாட்டி சுளுக்கு எடுக்கக் கூப்பிட்டாலும் அந்த முட்டியை மட்டும் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது சர்ஜனிடம் ஒன்று கேளுங்கள். அறுவையின்போது உங்கள் முட்டிக்குள் எடுத்த படங்கள் கோப்பில் இருக்கும், பார்க்கலாமா என்று. அறுந்து சுருண்டு கிடக்கும் பழைய நார், துளையிட்ட இடம், புது நார் இறுகி நிற்பது எல்லாம் தெரியும். பிறகு அப்படியே நடந்து பிசியோ அறைக்குப் போய், ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் உங்கள் மனதில் எது ஓடுகிறது, அந்தப் படங்களா, அந்த மனிதர்களா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.